பன்றித்தொடையும் கடைசிச் சுருளும்

கில்பெக்
1935 பிப்ரவரி 4, திங்கள்

திர்சா,

நீ அந்தப் படக் கம்பெனிய விட்டு வெளிய வர்ற வரைக்கும் உனக்கு ஒரு வரி எழுத மாட்டேன்னு சொன்னவ நான். சொன்ன சொல்லு சொல்லுதான். அதனால இதக் கடுதாசின்னு நெனச்சுக்காத. இது கோவம். கோவத்தத் தபால்ல போடக் கூடாதுன்னு வேதத்துல எங்கயும் இல்ல.

நேத்து ஆராதனை முடிஞ்சு வாசல்ல குடைய விரிக்கிறேன், ஹன்னா பிராட் வந்து நிக்கிறா. அவ மகன் லீட்ஸ்லேர்ந்து லண்டன் பேப்பர வெட்டி அனுப்பியிருக்கான். "உன் அண்ணன் மக எழுதின படமாமே கெசையா, பாவம், கிழிகிழின்னு கிழிச்சுட்டாங்க"ங்கறா. 'பாவம்'ன்னு சொல்றப்ப அவ வாயில மிட்டாய் கரையுது. நான் குடுன்னு கேக்கல. அவளே கையில திணிச்சா.

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டு வாசிச்சேன். அதுல எழுதியிருக்கறத அப்படியே எழுதறேன், உனக்கு ஏற்கெனவே மனப்பாடமா இருக்கும்:

"'விதவையின் விருந்து' என்ற இந்த மலிவான துப்பறியும் படத்தில் கதவைச் சாத்தினால் வீடே நடுங்குகிறது. துப்பறிகிறவர் தேடுவது கொலைகாரனையா, தன் கைக்குட்டையையா என்பது இறுதிவரை விளங்கவில்லை. முடிவில் ஒரு பெண்ணைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றுவது ஒரு பன்றித்தொடை! கதாசிரியை தம் சமையலறைக்குத் திரும்புவது எல்லோருக்கும் நல்லது."

சமையலறையாம்! அந்த மனுஷனுக்கு முட்டை வேகவைக்கத் தெரியுமா? கேட்டுச் சொல்லு.

நான் படம் பாக்கறவ இல்ல. பக்கத்து டவுன் ஹார்ஸ்பில படக்கொட்டகை தெறந்தன்னிக்கு நம்ம சபைப் பொம்பளைங்கள வரிசையா நிக்க வெச்சு, வாசலடைச்சுப் பாட்டுப் பாடினவ நான்தான். இன்னிக்கும் பாடுவேன். ஆனா எங்க வீட்டுப் பொண்ண நான் திட்டலாம், ஊரான் திட்டக் கூடாது.

பன்னித்தொடைய என்னத்துக்குச் சிரிக்கறானுங்க? அடக்கம் முடிஞ்சு வர்றவங்களுக்குத் தேத்தண்ணியும் தொடைக்கறியும் வைக்காம எந்த வீட்டுல பொணம் எடுத்திருக்காங்க? லண்டன்ல பிஸ்கோத்து குடுத்தே பொதைச்சுடுவாங்க போல.

மார்ச்ல அது ஹார்ஸ்பிக்கு வருதாம். ஹன்னா இப்பவே பஸ்ஸுக்குச் சொல்லி வெச்சுட்டா. "தொடை, தொடை"ன்னு ரெண்டு தரம் சொல்லி என் மூஞ்சியப் பாத்தா. நான் குடையப் பாத்தேன்.

சாப்பிடறியா இல்லயா?

உன் அத்தை,
கெசையா மெட்கால்ஃப்

*

லண்டன்
பிப்ரவரி 9

அன்புள்ள அத்தை,

உங்கள் கோபம் பத்திரமாக வந்து சேர்ந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரம்மா யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த விமர்சகர் சொன்னதில் பாதி நிஜம். கதவைச் சாத்தினால் வீடு நடுங்கத்தான் செய்தது. அது துணியில் வரைந்த வீடு. துப்பறிகிறவராக நடித்தவருக்கு நல்ல ஜலதோஷம், அதனால் கைக்குட்டையைத்தான் தேடினார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய படப்பிடிப்பு விளக்கு. பக்கத்துக் கூடத்தில் வேறு படம் எடுப்பவர்கள் சாப்பிடப் போகும்போது அவர்களுடையதையும் இழுத்துக்கொண்டு வந்து எடுத்தோம். இப்படி எடுத்த படத்தைப் பார்த்து லண்டன்காரர்கள் சிரித்தால் எனக்கு ஆத்திரமில்லை.

ஆனால் எல்லாப் பத்திரிகைகளும் அந்தத் தொடையைப் பிடித்துக்கொண்டன. ஒருவர், "மனைவிதான் கொன்றாள் என்று முடித்திருந்தால் நாங்கள் மன்னித்திருப்போம்" என்று எழுதியிருக்கிறார். எங்கள் முதலாளி திரு. பார்ஜெட்டர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். நேற்று என்னைக் கூப்பிட்டு, "வடக்கே அனுப்புறதுக்கு முன்னாடி முடிவ மாத்திடும்மா. பொண்டாட்டியே கொலைகாரி. நாலு பக்கம் எழுது, அரை நாள்ல எடுத்துடலாம்" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. களைப்பாக இருக்கிறது, அத்தை. கொடுத்தால் அடுத்த படமும் எனக்கே என்கிறார்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மார்ச்சில் அது ஹார்ஸ்பிக்கு வரும்போது நீங்கள் போக மாட்டீர்கள் என்று தெரியும். ஹன்னாவும் மற்றவர்களும் போகாமல் செய்ய முடியுமா? வாசலில் நின்று பாடினால்கூடச் சரி.

சாப்பிடுகிறேன்.

உங்கள்,
திர்சா

*

கில்பெக்
பிப்ரவரி 12

அடியே திர்சா,

நீ தொலைச்ச மூணு வருஷத்துல மூளையையும் தொலைச்சுட்டியா? படக்கொட்டகை வாசல்ல பாடாதீங்கன்னு அழுதுட்டு ரயிலேறினவ, இப்ப வந்து பாடுங்கங்கறா!

யாரோ ஒருத்தன் பேப்பர்ல சிரிச்சான்னு முடிவ மாத்துவியா? நம்ம போதகர் பிரசங்கம் பண்றப்ப பாதி சபை தூங்குது. அதுக்காக அவர், "சரி, இந்த வாரம் கோலியாத்து ஜெயிச்சுட்டான்"னு முடிச்சுடறாரா? கதைல அந்தப் பொம்பள கொன்னாளா, இல்லயா? கொல்லலன்னா கொல்லல. நாலு பக்கம் எழுதி ஒருத்திய கொலைகாரியாக்கறது பொய்ச்சாட்சி. பத்துக் கட்டளைல வருது. எத்தனாவதுன்னு நீயே எண்ணிப் பாரு, நான்தான் சொல்லிக் குடுத்தேன்.

அதோட, எதயோ மறைக்கற. நீ சின்னப் புள்ளையா இருந்தப்பவே ஜாம் திருடிட்டு, என்ன கேட்டாலும் ஒத்த வார்த்தையா "சாப்பிடறேன்"னுதான் சொல்லுவ.

எனக்கு முழுக் கதையும் எழுது. யார் செத்தா, யார் அந்தப் பொண்டாட்டி, தொடை எங்க இருந்துச்சு. கட்டுக்கதை வாசிக்கறது எனக்குப் பழக்கமில்ல. ஆனா கர்த்தரே உவமையா எத்தனையோ கதை சொன்னவர்தான். பொறுத்துக்குவார்.

குட்டி போடற காலம், ஆடு ரெண்டு இப்பவே அடுப்பங்கரைல இருக்கு. மை உறைஞ்சு போகுது, அதான் கையெழுத்து இப்படி.

அத்தை

*

லண்டன்
பிப்ரவரி 17

அன்புள்ள அத்தை,

நீங்கள் கேட்டுவிட்டீர்கள். இனி ஒளிக்க முடியாது.

மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு விவசாயி படுத்த படுக்கையாக இருந்து செத்துப்போகிறான். பிணத்தைக் குளிப்பாட்ட வந்த பக்கத்து வீட்டுக்காரி, பின்கட்டில் ஒரு தொட்டியைப் பார்க்கிறாள். அதில் பெரிய பன்றித்தொடை ஊறிக்கொண்டிருக்கிறது. உப்புப் போட்ட தொடை ராத்திரி முழுக்க ஊறினால்தான் வேகவைக்க முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் அவன் சாவதற்கு முந்தின நாளே மனைவி அதை ஊறப் போட்டிருக்கிறாள். அவன் சாவான் என்று அவளுக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது. ஊர் அவளைக் கொலைகாரி என்கிறது. போலீஸ் அழைத்துப் போகிறது.

படத்தின் கடைசிச் சுருளில்தான் உண்மை வருகிறது. தொடையை ஊறப் போடச் சொன்னதே அந்தப் புருஷன்தான். நிலத்துக்கு ஆசைப்பட்டு மருந்தில் விஷம் கலந்தது அவன் தம்பி. துப்பறிகிறவர் சொல்வார்: "கொல்லுறவளா இருந்தா அத ஒளிச்சு வெச்சிருப்பா. இவ எல்லாரும் பாக்குற இடத்துல வெச்சா."

அத்தை, நம் வீட்டில் ஆமோஸ் மாமாவுக்கு விஷம் கொடுத்தவர் யாருமில்லை. அவரைக் கொண்டுபோனது நெஞ்சுச்சளி. தம்பி என் கற்பனை. தொட்டி மட்டும் என் கற்பனை இல்லை.

மாமாவுக்கு அன்று நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் உங்களிடம் சொன்னது எனக்கும் கேட்டது. பிறகு ஹன்னா என்ன சொல்லிக்கொண்டு திரிந்தாள் என்பதும் கேட்டது. கடைக்குள் நீங்கள் நுழைந்தால் பேச்சு நிற்கும். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து, "உங்கத்தை யாருக்கு ஊற வெச்சிருக்கா?" என்பார்கள். நீங்கள் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. நான் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நம் ஊர் முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி.

முடிவை மாற்ற முடியாது என்று வெள்ளிக்கிழமை பார்ஜெட்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "எழுதலன்னா போம்மா. கத்தரிக்கோலுக்குச் சம்பளமில்ல" என்றார். கடைசிச் சுருளை வெட்டியெடுத்துவிட்டார். வடக்கே வரும் படம், அந்தப் பெண்ணைப் போலீஸ் வண்டியில் ஏற்றியதோடு முடிகிறது. ஊரார் பார்க்கப் போவது அதைத்தான். உங்களை விடுவிக்கப் போய் விலங்கு மாட்டிவிட்டேன்.

எனக்கு அங்கே வேலையும் இல்லை. வீட்டுக்கு வரலாமா?

திர்சா

*

கில்பெக்
பிப்ரவரி 21

திர்சா,

உன்னை யாருடி எனக்கு வக்கீலா வெச்சா?

ரெண்டு நாளா ஜெபத்துல உக்காந்தா வார்த்த வரல. என் அடுப்பங்கரையத் தூக்கிக்கிட்டுப் போயி, துணில வரைஞ்சு, மூக்கொழுகறவன் ஒருத்தன விட்டு அதுல நடக்க வெச்சிருக்க. ஆமோஸ் எங்கிட்டச் சொன்னது எங்கிட்டச் சொன்னது. நான் ஹன்னாவுக்குப் பதில் சொல்லாதது வாயில்லாம இல்ல. கர்த்தருக்குத் தெரியும், போதும்னு இருந்தேன்.

கோவம் எல்லாத்தயும் மேல எழுதிட்டேன். இனி கேளு.

வீட்டுக்கு வராத. தோத்துட்டு வர்றவளுக்கு இங்க கட்டில் இல்ல. சும்மா வர்றதுன்னா வா.

சபை மூப்பர் ஐவ்சன் வந்தாரு, தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு. படம் வர்ற விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கு. "அந்த வாரம் நீங்க உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்தா நல்லதும்மா"ங்கறாரு. "எதுக்குங்க?"ன்னேன். "பேச்சு அடங்கட்டும்"ங்கறாரு. "இத்தன வருஷமா அடங்காத பேச்சு, நான் ரயிலேறினா அடங்கிடுமா? ஓடிட்டான்னு இன்னொரு தொட்டி வெப்பாங்க"ன்னேன்.

நான் போகப் போறேன் திர்சா. முதல் நாளே. ஊரோட பஸ்லயே.

அத்தை

*

லண்டன்
பிப்ரவரி 25

அத்தை, போகாதீர்கள்.

அந்தக் கொட்டகை எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தொட்டி திரையில் வரும்போது அது ஒரு சுவர் அளவுக்கு இருக்கும். மொத்த ஊரும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். சபைப் புத்தகத்திலிருந்து உங்கள் பெயரை நீக்கிவிடுவார்கள். யாருக்காக இதெல்லாம்? என் படம் நல்ல படம்கூட இல்லை.

திர்சா

*

கில்பெக்
மார்ச் 9, சனி

என் கண்ணு திர்சா,

போனேன். முழுசா எழுதறேன். தேத்தண்ணி போட்டு உக்காந்து படி.

பஸ்ல யாரும் எம்பக்கத்துல உக்காரல. வசதியாப் போச்சு, கூடைய வெச்சுக்கிட்டேன். கொட்டகைக்காரர் சோவர்பி என்னைக் கண்டதும் ரெண்டு கையயும் தூக்கிட்டாரு. "ஐயோ மிசஸ் மெட்கால்ஃப், மறுபடியும் பாட்டா? இன்னிக்கு வேணாம்மா, கூட்டம் நல்லா இருக்கு!"ங்கறாரு. "ஒரு டிக்கெட் குடுய்யா"ன்னேன். மனுஷன் வாய மூட மறந்துட்டாரு.

ரெண்டாவது வரிசைல நட்ட நடுவுல உக்காந்தேன். தொப்பியக் கழட்டல. பின்னாலேர்ந்து ஒருத்தன், "அம்மா, தொப்பி மறைக்குது"ன்னான். "பாக்க ஒண்ணும் பெருசா இருக்காதாம், லண்டன் பேப்பர்ல போட்டிருக்கான்"னேன்.

இப்ப உன் படத்தப் பத்தி. நான் பொய் சொல்ல மாட்டேன். வீடு ஆடத்தான் செய்யுது, குதிர உதறின மாதிரி. அந்தத் தம்பிக்காரன் வந்து நின்னதுமே இவன்தான் கள்ளன்னு மூஞ்சில எழுதியிருக்கு. மலைன்னு ஒண்ணு காமிச்சாங்களே, அது யார் போர்வை? ஆனா அந்தப் பொம்பள... அவ ஒருத்தர் கிட்டயும் பதில் பேசாம மேசையத் தொடச்சுக்கிட்டே இருக்கா பாரு. அது நல்லா இருந்துச்சு. அந்த லண்டன்காரன் அதப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தொட்டி வந்துச்சு. ஒரு தல திரும்பினா சத்தம் கேக்காது. ஒரு கொட்டகையே திரும்பினா அத்தன நாற்காலியும் கிறீச்சுங்குது. நான் திரையவே பாத்துக்கிட்டிருந்தேன். பயமா இருந்துச்சுடி. கைய மடில வெச்சு அழுத்திக்கிட்டேன்.

அப்புறம் போலீஸ் வண்டி, அவள ஏத்தினாங்க, முடிஞ்சுதுன்னு எழுத்து வந்துச்சு. உடனே 'ராஜாவக் கடவுள் காப்பாத்தட்டும்'ங்கற ராஜா பாட்டு. எல்லாரும் எழுந்தாச்சு. இதுல ஒரு சௌகரியம் இருக்கு பாத்துக்க. ராஜா பாட்டு முடியற வரைக்கும் ஒருத்தனும் வாசலுக்கு ஓட முடியாது. நானும் நின்னேன். பாட்டோட கடைசி வரி முடியறதுக்குள்ள சனங்க பக்கம் திரும்பிட்டேன். வாழ்க்கையில எத்தன தரம் சபைல எழுந்து சாட்சி சொல்லியிருக்கேன். கூட்டம் கூட்டம்தானே?

"எல்லாரும் உக்காருங்க"ன்னேன். "கதை இன்னும் முடியல."

உக்காந்துட்டாங்க திர்சா! பழக்கதோஷம்.

சோவர்பி ஓடி வந்தாரு. "அம்மா, அடுத்த ஆட்டம் இருக்கு..." "இருக்கட்டும். காசு முழுக் கதைக்கு வாங்கினீங்க, முக்கால் கதை காமிச்சீங்க. மிச்சத்த நான் தர்றேன்"னேன். பின் வரிசைல கை தட்டினாங்க.

நீ எழுதினத அப்படியே சொன்னேன். தம்பி, மருந்து, புருஷனே ஊற வைக்கச் சொன்னது, ஒளிச்சு வைக்காத தொட்டி, எல்லாம். அவ விடுதலையாகி வீட்டுக்கு வந்து கதவத் தெறந்தா, வீடு ஆடலன்னும் சொன்னேன். அது நானாச் சேத்தது. மன்னிச்சுக்க.

சிரிச்சாங்க. அடங்கினதும் ஹன்னா எழுந்தா. நான் எதிர்பாத்ததுதான்.

"படத்துல சரி கெசையா. உங்க வீட்டுல?"

சோவர்பி விளக்க அணைக்கலாமா போடலாமான்னு சுவிட்சப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு.

"எங்க வீட்டுலயா? சொல்றேன்"ன்னேன். "மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடந்த மனுஷன், அந்த சாயங்காலம் கண்ணத் தெறந்து மேல உத்திரத்தப் பாத்தாரு. அவரே வளத்து, அவரே உப்புப் போட்ட தொடை ரெண்டு தொங்கிக்கிட்டிருந்துச்சு. 'பெருச இறக்கு, கெசையா'ன்னாரு. 'எதுக்கு?'ன்னேன். 'எதுக்குன்னு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கருமித்தனமா சின்னதப் போட்டு என் பேரக் கெடுத்துடாத. நான் பாக்க ஊறப் போடு'ன்னாரு. தொட்டிய அவர் கட்டில் பக்கத்துக்கு இழுத்துட்டு வந்து, அவர் பாக்கத்தான் ஊறப் போட்டேன். தண்ணி ஊத்தறப்ப எண்ணிக்கிட்டிருந்த மாதிரி உதட்ட அசைச்சாரு. அப்புறம் தூங்கினவரு எழுந்திரிக்கல. விடிஞ்சு அவரக் குளிப்பாட்ட உன்னக் கூப்பிட்டு விட்டேன் ஹன்னா. நீ வர்றதுக்குள்ள தொட்டியப் பின்கட்டுக்குத் தள்ளினேன், பொணத்தச் சுத்தி நடக்க எடம் வேணும்ல?"

ஹன்னா மூஞ்சி செவந்துடுச்சு. "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"நீ கேக்கலயே ஹன்னா. பாத்துட்டு நேரா கடைக்குப் போயிட்ட."

கெழவன் டின்ஸ்டேல், சுவத்தோரம் உக்காந்திருந்தவன், கம்பத் தட்டிக்கிட்டு, "பெரிய தொடைதான் அது. நான் மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டேன், ஆமோஸ் பேர் கெடல"ன்னான். கொட்டகையே குலுங்கிச்சு. எனக்குக் கண்ணு நெறைஞ்சுது. தொப்பி நெழல்ல யாரும் பாக்கல.

திரும்பி வர்றப்ப பஸ்ல ஹன்னா எம்பக்கத்துல உக்காந்தா. நானும் கூடைய எடுத்து மடில வெச்சுக்கிட்டேன், அவளுக்கு எடம் விட்டு. அவகிட்ட அதுக்கு மேல எதிர்பாக்கக் கூடாது.

மறுநாள் சோவர்பி கார் அனுப்பறாரு! கூட்டம் தெரு வரைக்கும் நிக்குதாம், "முடிவு சொல்ற அம்மா வருவாங்களா"ன்னு கேக்கறாங்களாம். வாரம் பூரா போனேன். ஹார்ஸ்பி பேப்பர்ல விமர்சனம் வந்திருக்கு: "படம் சுமார். சுவர்கள் பலவீனம். ஆனால் முடிவு, இந்த ஆண்டு நம் திரையரங்கு கண்டவற்றில் மிகச் சிறந்தது." வெட்டி வெச்சிருக்கேன். அத இதோட அனுப்பறேன். லண்டன்ல காமி.

நேத்து மூப்பர் சபை கூடுச்சு. படக்கொட்டகைக்குள்ள கால் வெச்சதுக்கு எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கணுமாம். "வாசல்ல நின்னு பாடினப்ப உங்களுக்கெல்லாம் சந்தோஷம்"னேன். "அன்னிக்கு வெளிய நின்னு உண்மையச் சொன்னேன், இன்னிக்கு உள்ள நின்னு சொன்னேன். மன்னிப்புக் கேக்க என்ன இருக்கு?" சபைப் புத்தகத்துலேர்ந்து என் பேர நீக்கறதா வேணாமான்னு இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க. பேசட்டும். நாளைக்கு என் எடத்துல போய் உக்காருவேன். தூக்கிட்டுத்தான் போகணும், நான் கனம்.

உங்க பார்ஜெட்டர் சோவர்பிக்குத் தந்தி குடுத்திருக்காரு. வசூல் எப்படி இப்படின்னு. சோவர்பி, "முடிவுதான் காரணம், அத அனுப்பிவிடுங்க"ன்னு பதில் போட்டாரு. கத்தரிக்கோலால வெட்டினத இப்ப ஒட்டிக்கிட்டிருப்பாங்க. உன்னத் தேடி வருவாரு பாரு. வந்தா, எழுந்திரிக்காத. உக்காந்தே பேசு. அடுத்த கதை எழுதுன்னு சொன்னா, முடிவ யாரும் தொடக் கூடாதுன்னு முதல்ல எழுதி வாங்கிக்க.

அந்தச் சுருள் இங்க வந்து சேந்தாலும் நான் பேசறத நிறுத்தப் போறதில்ல. உன் முடிவுல அந்தப் பொம்பள தப்பிக்கறா, அது சரி. ஆமோஸ் அதுல இல்லயே.

அடுத்த வாரம் படம் மலைக்கு அந்தப் பக்கம் போகுது, அப்புறம் கெண்டல், நானும் கூடவே. நீ வர்றதுன்னா வா. ஆனா வாசல்ல டிக்கெட் வாங்கிட்டு உள்ள வா. எனக்கு மட்டும்தான் ஓசி.

அத்தை